மூச்சு, சிறுநீர், உமிழ்நீர், முடி: புகை உடம்பில் விட்ட தடயத்தை அளக்கத் தொடங்குபவர்களுக்கு

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்று கேட்டால் "ரெண்டு, மூணு இருக்கும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பாக்கெட் கணக்கில் பிடிப்பவரும் அதையே சொல்வார். கர்ப்பிணிகள், மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள், நிறுத்திவிடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்தவர்கள் எல்லாரும் வெட்கத்தாலும் பயத்தாலும் குறைத்தே சொல்வார்கள். அப்பா விடும் புகைக்குள் வளரும் குழந்தைக்கோ, தான் எவ்வளவு உள்ளே இழுத்தோம் என்று சொல்லவே தெரியாது. அந்த இடத்தில்தான் உடம்பிலிருந்தே அளக்கும் சோதனைகள் தேவைப்படுகின்றன.

புகையிலை நிறுத்த மையங்களில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள், ஆலோசகர்கள், களஆய்வுக்குப் போகவிருக்கும் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. கருவிகள் எளியவை. ஆனால் வந்த எண்ணைத் தவறாகப் படித்தால், புகையே தொடாத ஒருவரைப் பொய்யர் என்று சொல்லிவிடுவோம். அதனால் எடுப்பதைப் போலவே படிப்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் கேள்வி, பிறகு கருவி

என்ன தெரிய வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "இவர் இன்று புகைபிடித்தாரா?" என்பது ஒரு கேள்வி. "கடந்த மூன்று நான்கு நாட்களில் எந்த வடிவத்திலாவது புகையிலை எடுத்தாரா?" என்பது இன்னொன்று. "இந்தக் குழந்தை மூன்று மாதமாக எவ்வளவு புகையில் இருந்தது?" என்பது முற்றிலும் வேறு. முதலாவதற்கு மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளந்தால் போதும். இரண்டாவதற்குக் கோட்டினின் சோதனை வேண்டும்; நிகோட்டின் உடம்புக்குள் போய் மாறி உண்டாகும் பொருள்தான் கோட்டினின். மூன்றாவதற்கு முடியை எடுக்க வேண்டும்.

நம் ஊரில் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இருக்கவே முடியாது. 2016-17இல் நடந்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியப் பெரியவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைப்பவர்கள். மெல்லுவது, அதக்குவது, பொடி போடுவது என்று புகையில்லாப் புகையிலை எடுப்பவர்கள் 21.4 சதவீதம். ஹான்ஸ் புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்கி வைத்திருப்பவர் மூச்சுக் கருவியில் ஊதினால் 1 அல்லது 2 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டும். எதுவும் எரியவில்லை, அதனால் கார்பன் மோனாக்சைடும் இல்லை. அவருடைய சிறுநீரில் கோட்டினின் தாராளமாக இருக்கும். ஆகவே கோட்டினின் பாசிட்டிவ் வந்தால் "சிகரெட் பிடிக்கிறார்" என்று எழுதாதீர்கள். "நிகோட்டின் உடம்பில் சேர்ந்திருக்கிறது" என்று மட்டும் எழுதுங்கள். இரண்டு சோதனையும் சேர்ந்தால்தான் படம் தெளிவாகும். இரண்டும் உயர்ந்தால் புகை. கோட்டினின் மட்டும் உயர்ந்தால் மெல்லும் புகையிலையாகவோ, நிகோட்டின் சூயிங்கமாகவோ, இ-சிகரெட்டாகவோ இருக்கலாம். சிகரெட்டை நிறுத்தி ஒரு நாள் ஆனவரிடமும் இதே தோற்றம் வரும்.

உடம்பின் கடிகாரம்

இந்தச் சோதனைகள் அனைத்தும் ஒரு கடிகாரத்தின் மேல் நிற்கின்றன. ஒரு பொருளின் அளவு உடம்பில் பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுள் என்கிறோம். நிகோட்டினுக்கு அது சுமார் 2 மணி நேரம். காலையில் பிடித்தது சாயங்காலம் ஏறக்குறையக் காணாமல் போய்விடும். அதனால் ரத்தத்திலோ சிறுநீரிலோ நிகோட்டினையே அளப்பதில் பயன் குறைவு.

உள்ளே போன நிகோட்டினில் 70 முதல் 80 சதவீதத்தைக் கல்லீரல் கோட்டினினாக மாற்றுகிறது. அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது சிஒய்பி2ஏ6 என்ற நொதி. கோட்டினினின் அரை ஆயுள் சராசரியாக 16 மணி நேரம். தினமும் புகைப்பவரின் ரத்தத்தில் இது நாள் முழுக்க அதிகம் ஏறி இறங்காமல் நிற்பதால், எந்த நேரத்தில் மாதிரி எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. (நிகோட்டின் என்பதன் ஆங்கில எழுத்துகளையே இடம் மாற்றிப் போட்டால் கோட்டினின் என்று வரும். பெயர் மறக்காமல் இருக்க இது உதவும்.)

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் பிடிபடும். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 250 நானோகிராம் கோட்டினின் உள்ளவர் இன்று காலை 6 மணிக்குக் கடைசி சிகரெட்டைப் பிடித்து முடிக்கிறார். 16 மணி நேரத்தில் 125. 32 மணி நேரத்தில் 62. இரண்டு நாள் முடியும்போது 31. 64 மணி நேரத்தில் 16, 80இல் 8, நான்கு நாள் முடியும்போது 4. ஒரு வாரம் முழுசாக விட்டிருந்தால் 0.2ஐ ஒட்டி வந்துவிடும். எனவே "விட்டு ஒரு வாரம் ஆச்சுங்க" என்பவரிடம் 90 வந்தால் கேள்வி எழும். "நேத்து காலையில விட்டேன்" என்பவரிடம் அதே 90 வந்தால் அவர் உண்மையைச் சொல்கிறார்.

இந்த 16 மணி நேரம் எல்லாருக்கும் ஒன்றல்ல. கர்ப்ப காலத்தில் உடம்பு கோட்டினினை வேகமாக வெளியேற்றுவதால் அரை ஆயுள் சுமார் 9 மணி நேரமாகக் குறைகிறது. அதே எண்ணிக்கை சிகரெட் பிடிக்கும் கர்ப்பிணிக்கு எண் குறைவாகவே வரும். அதை "குறைத்துவிட்டார்" என்று படித்துவிடக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதற்கு நேரெதிராக எண் கூடி நிற்கும். சிஒய்பி2ஏ6 நொதி பிறப்பிலேயே மெதுவாக வேலை செய்பவர்களும் உண்டு.

கார்பன் மோனாக்சைடுக்கு அரை ஆயுள் விழித்திருக்கும்போது 4, 5 மணி நேரம். ஓடியாடினால் குறையும், தூங்கினால் கூடும். சாயங்காலம் 20 பிபிஎம் இருந்தவருக்கு 10 மணி நேரம் கழித்து 5தான் இருக்கும். எனவே காலையில் வெறும் வயிற்றில் வந்து ஊதுகிறவர் "சுத்தம்" என்று தெரிவார். மூச்சுச் சோதனையை மதியத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுங்கள்.

மாதிரி எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

சோதனை முடிந்த பிறகு கேட்டால், எண்ணுக்கு ஏற்றபடி பதில் வரும். எனவே முதலிலேயே கேட்டு, தேதியும் மணியும் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். "கடைசியா எப்போ புடிச்சீங்க?" என்பதற்கு "நேத்து" என்ற பதில் போதாது; நேற்றுக் காலையா, ராத்திரி பதினொரு மணியா என்பது வரை போக வேண்டும்.

பீடியா, சிகரெட்டா, சுருட்டா, ஹூக்காவா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "புகைபிடிப்பீர்களா?" என்று கேட்டால் பீடி பிடிப்பவரில் சிலர் இல்லை என்பார்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவது, குட்கா, கைனி, மூக்குப்பொடி, புகையிலை கலந்த பல்பொடி ஆகியவற்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். குட்காவைத் தமிழ்நாடு 2013இலேயே தடை செய்துவிட்டதாலும், இ-சிகரெட்டை 2019இல் நாடு முழுக்கத் தடை செய்ததாலும், இவற்றைச் சொல்லத் தயங்குவார்கள். பதில் போலீஸுக்கோ வீட்டுக்கோ போகாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். நிகோட்டின் சூயிங்கம் அல்லது பேட்ச் உண்டா, எத்தனை மில்லிகிராம் என்பதும் வேண்டும்.

தொழிலையும் கேளுங்கள். பீடி சுற்றுபவர்கள், புகையிலை பறித்துப் பதப்படுத்துபவர்கள் புகைக்காவிட்டாலும் தோல் வழியாகவும் தூசி வழியாகவும் நிகோட்டின் உள்ளே போகும். திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கத்தில் பீடித் தட்டோடு உட்காரும் பெண்ணுக்குக் கோட்டினின் இருப்பதைப் பார்த்து "ரகசியமாகப் புகைக்கிறார்" என்று முடிவெடுத்தால் அது பெரும் அநியாயம். வீட்டில் விறகு அடுப்பா, கேஸா, ஊதுவத்தி, கொசுவத்தி எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சுச் சோதனையைப் படிக்கும்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

சோதனை எதற்காக, முடிவை யார் பார்ப்பார்கள் என்று விளக்கி ஒப்புதல் வாங்குங்கள். மாதிரியைச் சோதிக்கப் போகிறோம் என்று சொன்ன பிறகு கேட்கும்போது பதில்களே இன்னும் நேர்மையாக வருவது உண்டு.

மூச்சுச் சோதனை

கையடக்கக் கருவி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் அட்டைக் குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒருவழி வால்வு உள்ள பிளாஸ்டிக் இணைப்பு. வேண்டியது இவ்வளவுதான். உள்ளே இருக்கும் மின்வேதி உணரி, மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, அதாவது பிபிஎம் கணக்கில், காட்டும்.

1. கருவியை நல்ல காற்றோட்டமான இடத்தில் இயக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தெருவோரம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பூஜ்யம் பார்த்தால் அடிப்படையே கெட்டுவிடும்.

2. வந்தவரைப் பத்து நிமிடமாவது உட்கார வையுங்கள். வாசலில் சிகரெட்டை அணைத்துவிட்டு நேராக வந்து ஊதினால் வாய்க்குள் நிற்கும் புகையும் சேர்ந்துகொள்ளும்.

3. புதுக் குழாயை அவர் கண்முன்னால் பிரித்து மாட்டுங்கள்.

4. மூச்சை முழுதாக உள்ளிழுத்து 15 விநாடி பிடித்து வைக்கச் சொல்லுங்கள். கருவியே திரையில் இறங்குமுகமாக எண்ணிக் காட்டும். ரத்தத்திலிருக்கும் வாயு நுரையீரல் காற்றோடு சமநிலைக்கு வரத்தான் இந்த நேரம்.

5. பிறகு உதட்டை இறுக்கி, மெதுவாக, நுரையீரல் காலியாகும் வரை ஊத வேண்டும். பலூன் ஊதுவதுபோல் வேகமாக ஒரு ஊது ஊதிவிட்டு நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. நமக்கு வேண்டிய காற்று கடைசியில்தான் வரும்.

6. எண்ணையும் மணியையும் எழுதுங்கள். மறுபடி எடுக்க வேண்டுமானால் இரண்டு நிமிடம் இடைவெளி விட்டு எடுங்கள்.

15 விநாடி பிடிக்க முடியாதவர்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு எண் உண்மையைவிடக் குறைவாக வரும். எத்தனை விநாடி பிடித்தார் என்று பக்கத்தில் குறிப்பெழுதுங்கள்.

வெட்டுப்புள்ளி, அதாவது புகைத்தவர் என்று கொள்ளத் தொடங்கும் எண், எது என்று கேட்டால், பழைய வழக்கம் 8 அல்லது 10 பிபிஎம். அரைப் பாக்கெட்டுக்கும் குறைவாகப் பிடிப்பவர்கள் பலர் அந்த வலையில் தப்பிவிடுவதால், இப்போதைய பரிந்துரைகள் 5, 6 வரை இறங்கியிருக்கின்றன. பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கு 4 பிபிஎம் வந்தாலே நிறுத்த உதவிக்கு அனுப்புகிறார்கள். எண்ணைக் குறைக்கக் குறைக்க, புகைக்காதவர்கள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

கருவியைக் கெடுப்பதில் முதலிடம் ஸ்பிரிட்டுக்கு. சானிடைசர் தடவிய கையோடு அதைத் தொடுவதும், ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதும் உணரியைப் பாழாக்கும். ஆல்கஹால் இல்லாத துடைப்பான் மட்டுமே பயன்படுத்துங்கள். கை காய்ந்த பிறகு கருவியை எடுங்கள். குறிப்பிட்ட கால இடைவெளியில் அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது கையேட்டில் இருக்கும். அந்தத் தேதியைக் கருவியின் முதுகிலேயே ஒட்டிவையுங்கள்.

சிறுநீர் ஸ்ட்ரிப்

விலை குறைவு, லேப் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் முடிவு. ஆனால் புதியவர்கள் மிக அதிகமாகத் தலைகீழாகப் படிப்பதும் இதைத்தான்.

ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடுகள் வரலாம். மேலே இருப்பது கட்டுப்பாட்டுக் கோடு, கீழே சோதனைக் கோடு. கர்ப்பச் சோதனையில் இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ் என்று பழகிய கண்ணுக்கு இங்கே எல்லாம் மாறும். இரண்டு கோடு வந்தால் நெகட்டிவ். மேலே மட்டும் வந்து கீழே ஒன்றுமில்லாமல் போனால் பாசிட்டிவ். மேல்கோடே வராவிட்டால் ஸ்ட்ரிப் செல்லாது. புதிதாக ஒன்றை எடுக்க வேண்டும். காரணம் எளிது. ஸ்ட்ரிப்பில் வண்ணத்துகளோடு ஒட்டிய எதிர்ப்பொருள் இருக்கிறது. சிறுநீரில் கோட்டினின் இல்லையென்றால் அது ஓடிப்போய்ச் சோதனைக் கோட்டில் பதித்து வைத்த கோட்டினினோடு ஒட்டி நிறம் காட்டும். சிறுநீரிலேயே கோட்டினின் நிறைய இருந்தால் வழியிலேயே அது எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும், கோடு வராது. கீழ்க்கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரிந்தால் நெகட்டிவ்தான். மங்கல் கோட்டைப் பார்த்து "கொஞ்சம் பாசிட்டிவ்" என்று எழுதும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

சுத்தமான பிளாஸ்டிக் கன்டெய்னரில் 30 மில்லிலிட்டர் அளவுக்கு வாங்கினால் போதும். ஃபிரிட்ஜில் இருந்த கிட்டை அறை வெப்பநிலைக்கு வரவிட்ட பிறகே உறையைப் பிரியுங்கள். குளிர்ந்த ஸ்ட்ரிப்பில் ஈரம் கோர்த்தால் கோடு கலங்கும். அம்புக்குறி கீழ்நோக்கி இருக்க, குறியிட்ட அளவுக்கு மேல் நனையாமல் 10 முதல் 15 விநாடி வைத்து எடுத்து, சமதளத்தில் கிடத்துங்கள். கேசட் வகை என்றால் மூன்று சொட்டு. ஐந்தாவது நிமிடத்தில் படியுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனதைப் படிக்கவே கூடாது. வெளிச்சம் குறைந்த அறையில் ஸ்ட்ரிப்பை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள்.

கிட்டின் உறையில் வெட்டுப்புள்ளி எழுதியிருக்கும். பல கிட்களில் அது மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம். 100 உள்ளவையும் உண்டு. சிறுநீரில் கோட்டினின் ரத்தத்தைவிட ஐந்தாறு மடங்கு செறிவாக இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் புகைப்பவரை 200 பிடித்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை பிடிப்பவரைத் தவறவிடும். அடுத்தவர் விட்ட புகையைச் சுவாசிப்பவரை இந்த ஸ்ட்ரிப் காட்டாது. அவர்களுக்குச் சிறுநீரில் பொதுவாக 20க்கும் கீழேதான் இருக்கும். குழந்தைக்கு ஸ்ட்ரிப் போட்டு நெகட்டிவ் வந்ததும் "பையனுக்குப் புகை பாதிப்பில்லை" என்று அப்பாவிடம் சொல்வது ஆபத்தான தவறு.

தண்ணீரை நிறையக் குடித்துவிட்டு வருபவர்களும் உண்டு. சிறுநீர் வெள்ளையாகத் தண்ணீர் போல் இருந்தால் கிரியாட்டினினையும் (தசையிலிருந்து வந்து சிறுநீரில் கழியும் பொருள்) பாருங்கள். டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் மாதிரி நீர்த்துவிட்டது, இன்னொரு முறை எடுக்க வேண்டும். லேப் ஆய்வில் கோட்டினினைக் கிரியாட்டினினால் வகுத்து எழுதுவதும் இதற்காகத்தான்.

உமிழ்நீர்: லேபுக்கு அனுப்பும்போது

எண்ணாக விடை வேண்டுமென்றால், ஊசி போடாமல் எடுக்கக்கூடிய நல்ல மாதிரி உமிழ்நீர். அதில் கோட்டினின் ரத்தத்திலிருப்பதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும்.

எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, டீ, வெற்றிலை எதுவும் கூடாது. பத்து நிமிடம் முன்பு வாயைத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கொப்பளித்த உடனே எடுத்தால் நீர்த்துப்போகும். தலையைச் சற்றுக் குனிந்து, வாயில் ஊறுவதைச் சிறு குழாய் வழியாகவோ நேராகவோ மூடியுள்ள பிளாஸ்டிக் குப்பியில் ஒழுகவிட வேண்டும். காறித் துப்புவது வேண்டாம், சளி கலந்துவிடும். ஒன்று முதல் இரண்டு மில்லிலிட்டர் கிடைத்தால் போதும். நுரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எலுமிச்சையைக் காட்டியோ சூயிங்கம் மெல்ல வைத்தோ உமிழ்நீரைப் பெருக்கினால் செறிவு மாறிவிடும். குழந்தைகளுக்கும் வாய் உலர்ந்தவர்களுக்கும் பஞ்சுச் சுருளைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்து ஊறவிட்டு எடுக்கலாம். எந்தப் பஞ்சு என்பதை லேபிடம் கேட்டுக்கொண்டு, ஆய்வு முழுக்க அதையே பயன்படுத்துங்கள்.

குப்பியில் பெயர் வேண்டாம், எண் மட்டும். தேதி, மணி இரண்டும் கட்டாயம். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே லேபுக்கு அனுப்புங்கள், அல்லது மைனஸ் 20 டிகிரியில் உறைய வையுங்கள். உறைவதும் உருகுவதுமாகத் திரும்பத் திரும்ப நடக்கக் கூடாது. மின்வெட்டு அதிகமுள்ள இடங்களில் ஃபிரீசரின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதி வைக்கும் தாள் ஒன்றைக் கதவில் ஒட்டுங்கள். மாதிரி எடுப்பவர் புகைப்பவராக இருந்தால் கையுறை இல்லாமல் எதையும் தொடக் கூடாது. விரலில் ஒட்டிய நிகோட்டின், குறைந்த அளவுகளைத் தேடும் ஆய்வைக் கெடுத்துவிடும்.

லேப் எந்த முறையில் அளக்கிறது என்றும் கேளுங்கள். எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் எலைசா முறை கோட்டினினின் உறவுப்பொருளான ஹைட்ராக்சிகோட்டினினையும் சேர்த்துப் பிடிப்பதால் எண் கூடுதலாக வரும். திரவ நிறப்பிரிகை-நிறைமாலை முறை கோட்டினினை மட்டும் அளக்கும், மிகக் குறைந்த அளவையும் காணும். முதல் சுற்றை ஒரு முறையிலும் இரண்டாம் சுற்றை இன்னொன்றிலும் செய்துவிட்டு "குறைந்திருக்கிறது" என்று எழுதினால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

எண்ணைப் படிப்பது

ரத்தக் கோட்டினினுக்கு ஒரு எளிய சமன்பாடு உண்டு. மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராமோ அதை 0.08ஆல் பெருக்கினால், ஒரு நாளில் உடம்பு உறிஞ்சிய நிகோட்டின் ஏறத்தாழ இத்தனை மில்லிகிராம் என்று வரும். 250 என்றால் 20 மில்லிகிராம். ஒரு சிகரெட் சுமார் ஒரு மில்லிகிராம் தருகிறது என்று வைத்தால் அது ஒரு பாக்கெட். ஆனால் இதைத் திருப்பிப் போட்டு ஒரு தனி மனிதரிடம் "நீங்கள் 20 பிடிக்கிறீர்கள்" என்று சொல்லாதீர்கள். ஒருவர் அடிவரை இழுப்பார், ஒருவர் பாதியில் போடுவார். எண்ணிக்கையைக் குறைத்தவர் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்து ஈடு கட்டுவார். அவர் பத்திலிருந்து ஐந்துக்கு வந்திருப்பது உண்மையாகவே இருக்கலாம். கோட்டினின் மட்டும் இறங்கியிருக்காது.

புகைப்பவர், புகைக்காதவர் என்று பிரிக்கும் கோடும் காலத்தோடு நகர்ந்திருக்கிறது. 1980களில் ரத்தத்தில் 14 நானோகிராம் என்று வைத்திருந்தார்கள். அமெரிக்கத் தேசிய ஆய்வின் தரவுகளை வைத்து 2009இல் வந்த கணக்கு அதை 3.08க்கு இறக்கியது. ஒரு காரணம், பொது இடங்களில் புகை தடை செய்யப்பட்ட பிறகு புகைக்காதவர்களின் உடம்பில் அடுத்தவர் புகையிலிருந்து வரும் கோட்டினின் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதே தரவில் இனவாரியாகப் பிரித்தால் சிறந்த வெட்டுப்புள்ளி ஏறக்குறைய 6 முதல் 1க்கும் கீழே வரை மாறுகிறது. இந்தியாவில் பொது இடத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருந்தாலும், வீட்டுக்குள் புகை நிற்கவில்லை. ஆகவே வெளிநாட்டு எண்ணை அப்படியே எடுத்து ஒட்டாமல், உங்கள் குழுவில் வீட்டுப்புகை எவ்வளவு என்று பார்த்து வெட்டுப்புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள். 2க்கும் 15க்கும் நடுவில் விழுபவர்களை அவசரப்பட்டு எந்தப் பெட்டியிலும் போட வேண்டாம்.

கத்தரிக்காயில் நிகோட்டின் இருக்கிறதாமே என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது, ஒரு கிராமுக்கு 0.1 மைக்ரோகிராம் அளவில். ஒரு சிகரெட் தரும் ஒரு மில்லிகிராமுக்கு 10 கிலோ கத்தரிக்காய் சாப்பிட வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு யாரையும் பாசிட்டிவ் ஆக்காது.

ஆனால் மரவள்ளிக்கிழங்கு வேறு கதை. தயோசயனேட் என்றொரு பழைய அளவீடு உண்டு. புகையிலுள்ள ஹைட்ரஜன் சயனைடை உடம்பு இதுவாக மாற்றுகிறது. அரை ஆயுள் ஒரு வாரத்துக்கு மேலேயே போகும். நீண்ட நாள் பார்வைக்கு வசதியாகத் தெரிந்தாலும், மரவள்ளி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சாப்பிட்டாலே இது உயரும். கப்பக்கிழங்கு அன்றாட உணவாக இருக்கும் கன்னியாகுமரிப் பக்கத்தில் இந்தச் சோதனையை நம்பி இறங்க வேண்டாம்.

நிகோட்டின் சூயிங்கம் மெல்லுபவர் உண்மையிலேயே புகையிலையை விட்டாரா என்று பார்க்கக் கோட்டினின் உதவாது, இரண்டுக்கும் அதே பொருள்தான் வரும். அங்கே புகையிலையில் இருக்கும், சுத்திகரித்த நிகோட்டின் சூயிங்கத்தில் இராத அனபசின், அனடபின் இரண்டையும் சிறுநீரில் தேட வேண்டும். சிகரெட்டை மட்டும் விட்டாரா என்பதே கேள்வி என்றால் மூச்சுச் சோதனையே போதும், செலவும் குறைவு. புற்றுநோய் உண்டாக்கும் புகையிலை நைட்ரோசமைனின் தடயமான என்என்ஏஎல் இன்னும் நுட்பமானது. கடைசியாக எடுத்துச் சில வாரம் ஆன பிறகும் சிறுநீரில் தெரியும். பெரிய ஆய்வகங்களுக்கே உரிய வேலை அது.

குழந்தைகளுக்கு: முடி

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வேரை ஒட்டிய முதல் சென்டிமீட்டர் கடந்த மாதத்தின் பதிவு. அடுத்தது அதற்கு முந்தைய மாதம். பின்தலையில், காதுகளின் மட்டத்துக்குச் சற்று மேலே, இருபது முப்பது இழையைத் தோலை ஒட்டிக் கத்தரித்து, வேர்ப்பக்கம் எது என்று நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அடையாளம் விட்டுப்போனால் காலவரிசையே தொலைந்துவிடும். காகிதத்தில் மடித்து அறை வெப்பநிலையில் வைக்கலாம், ஐஸ் தேவையில்லை.

முடியில் கோட்டினினைவிட நிகோட்டினை அளப்பதே வழக்கம். காற்றிலிருந்து வெளியே படிந்ததை நீக்க லேப் முதலில் கரைப்பானில் கழுவும். குழந்தைக்கு மொட்டை போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்காமல் கத்தரியை எடுக்காதீர்கள். பழனியில் முடி இறக்கி இரண்டு மாதம் ஆகியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மாதக் கணக்கு மட்டுமே. பெரியவர்களுக்குச் சாயம், பிளீச் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்; பிளீச் நிகோட்டினைக் குறைத்துக் காட்டும். கருமுடி நிகோட்டினை அதிகம் பிடித்துக்கொள்வதால் நரைத்த தலையையும் கருந்தலையையும் நேராக ஒப்பிடக் கூடாது.

புகைக்காதவருக்கு எண் கூடி வந்தால்

இதுதான் உங்கள் திறமையைச் சோதிக்கும் இடம். ஏழாம் மாதக் கர்ப்பிணி ஊதுகிறார், 9 பிபிஎம் வருகிறது. அவர் புகைத்ததே இல்லை என்கிறார், கணவரும் மாமியாரும் பக்கத்தில் நிற்கிறார்கள். எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். மற்றவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "காலையில எதுல சமைச்சீங்க?" என்று தொடங்குங்கள். புகைபோக்கி இல்லாத விறகு அடுப்பின் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்த எண் வருவதில் வியப்பில்லை. நெரிசலில் ஸ்கூட்டரில் ஒரு மணி நேரம் வந்தாரா, வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓடுகிறதா, ஹூக்கா புகையும் இடத்தில் இருந்தாரா என்றும் கேளுங்கள். பால் செரிக்காதவர்களுக்கும், மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் குடிப்பவர்களுக்கும் குடலில் உண்டாகும் ஹைட்ரஜன் மூச்சில் வந்து, சில கருவிகளில் கார்பன் மோனாக்சைடாகத் தெரியும்.

சமைக்காத ஒரு வேளையில், அல்லது வேறு நாள் மதியம், மறுபடி ஊத வையுங்கள். கூடவே சிறுநீர் ஸ்ட்ரிப் ஒன்று போடுங்கள். கோட்டினின் நெகட்டிவ், மூச்சில் மட்டும் மறுபடி 9 என்றால் தினசரிப் புகைப்பழக்கமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அடுப்பையும் வீட்டையும் பார்க்க வேண்டும். தலைவலி, தலைசுற்றலும் சேர்ந்திருந்தாலோ, அதே வீட்டில் இன்னொருவருக்கும் எண் உயர்ந்திருந்தாலோ, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் எரியும் பொருளிலிருந்து கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்குகிறது என்று பொருள். வயிற்றிலுள்ள குழந்தைக்கு அது சிகரெட்டைப் போலவே பிராணவாயுவைக் குறைக்கும். ஜன்னலைத் திறந்து வைப்பது, அடுப்பை வெளித்திண்ணைக்கு மாற்றுவது, ஜெனரேட்டரை வீட்டைவிட்டுத் தள்ளி வைப்பது ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் வரச் சொல்லி, பழைய எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி அளந்து பாருங்கள்.